கறுத்துத் தெரிந்த இடம்

அன்புள்ள உமக்கு,

அங்கே ஊரில், சுருவிலில், நல்ல மழையென்று மகள் சொன்னாள். கிணற்றடி வழுக்கும், கவனம்.

நான் ஏன் தொலைபேசிக்கு வருவதில்லை என்று கேட்டீராம். எனக்குக் கடிதம் எழுதத்தான் விருப்பம்.

இங்கே இலண்டனில் இன்று எனக்கு இரண்டாவது முறையாக அந்த ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டையிலுள்ள கட்டிக்குள் ஒட்சிசன் போகிறதா என்று அதில் தெரியுமாம். ஒட்சிசன் போகாத இடத்தில் கதிர்ச் சிகிச்சை சரியாக வேலை செய்யாதாம். முதல் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது.

இன்று டாக்குத்தர் புதுப் படத்தைக் காட்டிக் கனநேரம் பேசினார். மகள் என்னிடம், "அப்பா, கரையில கறுப்புக் குறைஞ்சிருக்காம்" என்றாள்.

"நடுவில?" என்று கடதாசியில் எழுதிக் காட்டினேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இன்னும் அப்பிடியே இருக்கு. அந்த இடத்துக்குக் கதிர்வீச்சைக் கூட்டப் போகினமாம். பயப்பிடாதேங்கோ."

நான் பயப்படவில்லை. சாப்பாடும் பரவாயில்லை, கஞ்சி இறங்குகிறது.

குளிர்காலத்தில் வரவேண்டாம் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது வீசாவுக்குப் போடும். உம்முடைய அம்மாவை அக்கா பார்ப்பா. அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தக் கிழமைக்குள்ளேயே போடும்.

உம்மையே நினைத்தபடி,
பிள்ளையின் அப்பா