பேர் சொல்லாத பர்மாக்காரி

சித்திரபானு வருஷம், ஆனி 12, வெள்ளி.

காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒரு பொம்பளையைக் காவலில் வைத்திருந்தார்கள். மடியில் நாலு வயசுப் பெண்பிள்ளை. எங்கள் அண்ணனின் சம்சாரம் என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். அண்ணன் வருகிற வழியில் காய்ச்சலில் போய்விட்டாராம்.

"வேத்து தேசத்தாளு. சொந்தந்தான்னு நீ கையெழுத்துப் போட்டா கூட்டிட்டுப் போ. இல்லைன்னா முகாம்ல அடைச்சிருவோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிள்ளையின் பேரை அவளிடம் கேட்டார். வாயை இறுக்கிக்கொண்டாள். அதட்டினார். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெத்த பிள்ளை பேரு சொல்லத் தெரியலை. பூராம் பொய்யி" என்றார்.

பிள்ளைதான் சொன்னது: "வீராயி."

எங்கள் ஆத்தா பேர். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று அண்ணன்தான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் பர்மா போகுமுன் கட்டி வீட்டில் விட்டுப்போன அண்ணியும் இன்றுவரை சொன்னதில்லை.

அந்த அண்ணியின் நெற்றிப் பொட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. இவர்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பாவிப்பயல் நான். முகாமுக்குக் கொண்டுபோக மதுரை பஸ்ஸில் ஏற்றும்போது பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்படியே அண்ணன் சிரிப்பு.

ராத்திரி சோறு போடும்போது ஆத்தா கேட்டாள்.

"எதுக்குடா கூப்பிட்டாக?"

"யாரோ பர்மாக்காரியப் பிடிச்சு வச்சிருக்காக. நமக்குச் சம்பந்தமில்லாதவ."

"பிள்ளை குட்டி இருக்கா?"

"ஒரு பொம்பளப்பிள்ளை."

"அடப்பாவமே. பேரென்னடா?"

"தெரியாது, ஆத்தா" என்றேன்.