மகன் பிறந்த வருஷத்து ஒயின்

அண்ணாச்சி,

இவ்வளவும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மதுவிலக்கு போகும், கடை திறப்பார்கள், தென்காசியில் ஒருவன் நடுவீட்டில் உட்கார்ந்து பிரெஞ்சு ஒயினைத் திறப்பான் என்று சொன்னேனா இல்லையா? நேற்று துபாயிலிருந்து வந்த என் தங்கை மகன் அப்படியே செய்தான். தக்கையைப் பிடுங்கியதும் வந்த வாடையில், குற்றாலத்தில் உங்கள் வீட்டுப் பின்னறை நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நேத்துப் பொறந்த பிள்ளைல்லா" என்றேன். பயல் பாட்டிலைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தான். என் கோப்பையை இன்னொரு தரம் நிறைத்துக் கொடுத்தான்.

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஒயின் வியாபாரியிடம் கிடங்குக் கணக்கராக இருந்தீர்கள். அவர் பிரான்சுக்கே திரும்பிப் போனபோது கொடுத்த பதினொரு பாட்டில் பழைய சிவப்பு ஒயினோடு குற்றாலம் வந்து சேர்ந்தீர்கள். இங்கேயோ மதுவிலக்கு. நரம்புக்கு மருந்து என்று டாக்டர் சீட்டுக் கொடுத்தால்தான் பெர்மிட். சீட்டை எழுதியவர் டாக்டர், எழுத வைத்தவன் அவருடைய கம்பவுண்டரான நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் என்னைக் கேட்காமல் அவர் ஊசியைத் தொட மாட்டார். இது ஊரறிந்த விஷயம்.

பின்னறையில் ஈர மணல் பரப்பி, பாட்டில்களைப் பள்ளிகொண்ட பெருமாள்போலப் படுக்க வைத்திருந்தீர்கள். நின்றால் தக்கை காய்ந்து போகுமாம். வருஷத்துக்கு ஒன்று திறப்பீர்கள். "விழுங்காதேயும் வே, வாய்க்குள்ள கொஞ்சம் இருக்கட்டும். என்ன தெரியுது?" என்பீர்கள். "நாவப்பழம், அதுக்குப் பின்னால நனஞ்ச மரப்பட்டை" என்பேன். இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு நாக்கு இல்லை என்று நீங்களே சொன்னீர்கள், அல்லது சொல்ல வாயெடுத்தீர்கள்.

ஒன்றை மட்டும் தொடவிடவில்லை. லேபிளில் உங்கள் மகன் பிறந்த வருஷம் போட்டிருந்தது. அவன் புதுச்சேரியிலேயே தங்கி, பிரெஞ்சுக் குடிமகனாக எழுதிக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து உங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. பிரான்சுக்குக் கப்பலேறுமுன் ஒரு நாள் வந்து போவதாக அவனிடமிருந்து கடிதம் வந்தபோது என்னிடம் சொன்னீர்கள்: "அவன் ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லா வச்சிருந்தீங்கப்பான்னு சொன்னாப் போதும் வே. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அன்றைக்குச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நீங்கள் மகனை அழைத்துவரப் பஸ்ஸுக்கு எதிரே போயிருந்தீர்கள். நான் வந்து பார்க்கிறேன், பாட்டில் மேஜைமேல் நிற்கிறது. மண்டி அடியில் படியட்டும் என்று முந்தின நாளே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடியில் விரற்கடை உயரத்துக்கு மண்டி. எத்தனை ஆயிரம் மிக்ஸர் மருந்துப் பாட்டிலில் 'குலுக்கிச் சாப்பிடவும்' என்று சீட்டு ஒட்டிய கை இது. நன்றாகக் குலுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மகனை உட்கார வைத்து, தக்கையைப் பிடுங்கி, கோப்பையில் ஊற்றினீர்கள். அருவியில் புதுவெள்ளம் வந்ததுபோலக் கலங்கி இறங்கியது.

"என்ன வே செஞ்சீரு?"

"அடியில மண்டி கெடந்துது அண்ணாச்சி. குலுக்கிட்டேன்."

"குலுக்குனீரா?"

"பெர்மிட்டுல மருந்துன்னுதான எழுதியிருக்கு."

மகன் சிரித்தான். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருபத்தாறு வருசமா ஒறங்கினத ஒரு நிமிசத்துல எழுப்பிப்போட்டீரே, நீரு வெளங்குவீரா" என்று சொல்லிவிட்டு, வடிகட்ட மல்துணி தேடி உள்ளே போனீர்கள்.

துணியோடு திரும்பியபோது அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேஜைமேல் கோப்பை காலி.

"குடிச்சிட்டாரு அண்ணாச்சி. அப்பா நல்லா வச்சிருந்திருக்காங்கன்னு சொல்லுதாரு."

"மண்டியோடயா குடிச்சான்?"

"மண்டியோடதான்."

கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, குடையோடு அவனை ஏற்றிவிடப் போனீர்கள். வழியில் அவனிடம் கேட்டீர்களோ என்னவோ. திரும்பி வந்தபின் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "குலுக்கின ஒயினையே ஏம் மகன் நல்லாயிருக்குன்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சாகிறவரை சொன்னீர்கள். பக்கத்தில் இருந்தபோதெல்லாம் நானும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு நீங்கள் மல்துணி தேடி உள்ளே போனதும், அவன் கோப்பையை என் பக்கம் தள்ளினான். "எனக்கு இந்தப் பழக்கமே கிடையாதுங்க. அப்பாவுக்குத் தெரியாது" என்றான். குடித்தவன் நான். மண்டி பல்லில் நறநறத்தது. அதன் பின்னால் ஒரு ருசி மெல்ல எழும்பி வந்தது. அதற்கு மட்டும் இன்றுவரை என்னால் பெயர் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னதாகச் சொன்ன வார்த்தையும் என்னுடையதுதான், அண்ணாச்சி. நிஜமாகவே நன்றாகத்தான் வைத்திருந்தீர்கள்.