இரண்டு கேமரா, ஒரே அறை

அன்புள்ள அத்தானுக்கு,

நம் பேராவூரணி ஸ்டுடியோவுக்கு எந்தப் பெரிய ஃபிலிம் கேமரா வாங்கலாம் என்று கேட்டு, சிங்கப்பூரில் உங்கள் அறையை இரும்பில் ஒன்று, மரத்தில் ஒன்று என இரண்டு கேமராவிலும் நீங்கள் எடுத்து அனுப்பிய படங்கள் கிடைத்தன.

இரும்புக் கேமராவின் படத்தில் ஓரமெல்லாம் மங்கல். மரக் கேமராவின் படத்தில் காலண்டர் தேதிகூடத் தெரிகிறது. நெகட்டிவில் புள்ளி, கீறல்களைத் திருத்தும் டச்சிங் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் மூலைமூலையாகப் பார்த்தேன். தொழில் பழக்கம்தான்.

"ரூம்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்று போனில் சொன்னீர்கள். கட்டிலுக்கு அடியில், உங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில், பூப்போட்ட குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி இருக்கிறது.

மரக் கேமராவையே வாங்குங்கள். முதல் படமாக அந்தச் செருப்புக்காரியை நிற்கவைத்து எடுத்து அனுப்புங்கள். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டுகிறேன். யாரென்று கேட்கிறவர்களுக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ சாவியை இன்னும் வைத்திருக்கும் உங்கள் மனைவி