நாற்றங்காலின் அறுவடை

ஆறு வற்றாத, ஏடு மூடாத சுவடிக்கரை நகரை ஆளும் அரசி செங்கழுநீர் நாச்சியாரின் திருவாய்மொழிப்படி அமைச்சன் நன்னாகன் எழுதும் இவ்வோலையை, அக்கரைப் பேரேரியூரின் அதிபதி, ஏழு கோபுரங்களுக்கு உரிய வேந்தர் விறல்மாறர் காண்க. உம் குடிகள் நலமாக வாழ்க.

ஏரிக்கரை கசிகிறது, மழைக்காலம் நெருங்குகிறது, கரை கட்ட வல்லாரை அனுப்பினால் எடைக்கு எடை பொன் தருவோம் என்று உம் தூதர் எம் அவையில் விண்ணப்பித்தார். அரசியார் முழுவதும் கேட்டார். பிறகு வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்கச் சொல்லி எழுந்துவிட்டார். அவர் அவ்வாறு எழுந்ததன் பொருளை உமக்கு விளக்குவது என் கடமையாயிற்று.

எம் கல்விச்சாலையில் தேறியவர்களை உம் ஆட்கள் பரிசல் துறையிலேயே காத்திருந்து பல்லக்கில் ஏற்றிச் சென்றது நினைவிருக்கிறதா? மருத்துவரோ கணியரோ கரை கட்டுவோரோ எவரும் எமக்குத் தங்கவில்லை. நச்சுக்காய்ச்சல் எம் நகரைச் சூழ்ந்த ஆண்டில், எம்மிடம் பயின்ற மருத்துவருள் ஒருவரையேனும் அனுப்புமாறு அரசியார் தம் கைப்பட உமக்கு எழுதினார். எம் நகர் உமக்கு நாற்றங்கால், நாற்றங்காலில் எவரும் கதிர் அறுப்பதில்லை என்று நீர் சொல்லிச் சிரித்ததாக எம் தூதன் வந்து தலைகுனிந்து உரைத்தபோது, இளவரசர் ஆதனின் உயிர் தாயின் மடியில் அடங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை.

படைத்தலைவர்கள் வாளை உருவினர், அரசியார் தடுத்தார். மகன் விளையாடிய தோட்டத்தை அழித்து, கல்விச்சாலையை ஒட்டிப் பட்டறைகள் எழுப்பினார். மருத்துவம் கற்றவர் மருந்து வடிப்பவரோடும், நீர்நூல் கற்றவர் மதகு செய்யும் தச்சரோடும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். புதியது கண்டவருக்கே அதன் ஆதாயம் என்று கல்லில் வெட்டுவித்தார். அதன்பின் உம் பல்லக்குகள் வெறுமையாகத் திரும்பின. நீரோ ஏனென்றும் கேட்கவில்லை. உம்மிடம் இருந்த வல்லவர்கள் மூப்படைந்து மறைந்தனர். அவர்களிடம் கற்க ஒருவரையும் நீர் அமர்த்தவில்லை. விளைந்ததை எல்லாம் உண்டீர், விதைநெல் வைக்கவில்லை.

ஆதலால் அரசியாரின் விடை இது. ஆற்றைத் தாண்டி எவரும் அனுப்பப்படார். கரை வேண்டுமாயின் நீரே வருக. எம் கல்விச்சாலையில் சேரும் மாணாக்கர் முதல் நாளில் நாற்றுப் பறித்து, அந்த நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து, முகத்தில் சேறு வழிய வாயிலைக் கடப்பது வழக்கம். முடியைக் கழற்றிவிட்டு நீரும் அவ்வாறே சுமந்து வந்து, கடைவரிசையில் அமர்ந்து கற்று, உம் கரையை உம் கையாலேயே கட்டுக. அந்த வித்தை ஒரு மழைக்காலத்துக்குள் வாய்க்காது என்பதை அரசியார் அறிவார். மழை உமக்காகக் காத்திராது என்பதையும் அறிவார்.

உம் குடிகள்மீது எமக்குப் பகையில்லை. இவ்வோலை உம் கையை அடையும் வேளையில், ஏரிக்குக் கீழே வாழ்வோர் யாவரும் எம் பரிசல்களில் ஏறியிருப்பர். வீடும், பட்டறையில் வேலையும், பிள்ளைகளுக்குக் கல்விச்சாலையில் இடமும் அவர்களுக்கு ஆயத்தமாக உள்ளன. திரும்பிப் போகுமாறு யாம் சொல்லமாட்டோம், அவர்களும் கேட்கமாட்டார்கள். கோபுரங்கள் ஏழும் உம்முடையனவே. தனியே இருந்து காத்துக்கொள்க.

அரசியாரின் ஆணைப்படி, இளவரசர் ஆதனின் சிறு மோதிரத்தால் இலச்சினை இடப்பட்டது. நாற்றங்காலில் இது அறுவடைக் காலம் என்று அறிக.