பேனல் கதவுக்குள் நாற்பத்தொரு படங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பிப் பேனாவை எடுத்தேன், இல்லையென்றால் முதல் வரியை நீயே திருத்திக்கொள். அம்மாவின் முட்டிவலி போய்விட்டது. தூரமாகப் போகவில்லை, எனக்கு வந்துவிட்டது. குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றது, நானே சரிசெய்தேன் என்று எழுத ஆசை, ஆனால் உறையை ஒட்டுவதற்கு முன் அம்மா இதைப் படிப்பாள், அதனால் பிளம்பர் வந்தார் என்றே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ போனில் எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறாய், கேட்கிற எனக்கு மூச்சு வாங்குகிறது. இது உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாமாவின் கோடவுனுக்கு நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வேலை நமக்குக் கிடைத்துவிட்டது. ஆறு லிஃப்ட். மூன்று வருடம்.

இதில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் நான்தான் சொல்லிவைத்தேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவனைக் கம்பெனி ஒரு பக்கக் கடிதத்தில் அனுப்பியது, கடைசி வரியில் நன்றி என்று இருந்தது. எலி வளையானாலும் தனி வளை என்று வீட்டு வாசலில் பலகை மாட்டினேன். நீ அப்போது போனில், அப்பா வேலை தெரிந்தால் மட்டும் போதாது, தெரியும் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், உங்களுக்கு ஒரு நெட்வொர்க் வேண்டும் என்றாய். அழகான கார்டு வடிவமைத்து அனுப்பினாய். ஐந்நூறு அச்சடித்தேன். கட்டிட உரிமையாளர்கள், குடியிருப்போர் சங்கச் செயலாளர்கள், மேனேஜர்கள், டை கட்டிய ஒருவரையும் விடவில்லை. ஒருவர் என் கண் முன்னாலேயே அதை நான்காக மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை நின்றது, அந்த அளவுக்கு அது பயன்பட்டது. ஒரு வருடத்தில் அந்தக் கார்டுகளால் வந்த அழைப்பு இரண்டு. ஒருவர் வாஷிங் மெஷின் பார்ப்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர் தவறான எண். அப்போதுதான் மாமா கூப்பிட்டான். கோடவுன் வாசலில் ஒரு நாற்காலி, உள்ளே வருகிற வண்டிகளின் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிழல் இருக்கு மச்சான், ஃபேனும் இருக்கு என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் தள்ளினேன். போன மாதம் அவன் பொறுமை தீர்ந்தது, இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றான்.

இனி நான் ஒளித்த பகுதி. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, வெளியாட்களிடம் சொல்ல மாட்டோம். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு வயரிங் படம் இருக்கும், எந்த வயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று காட்டுகிற பெரிய காகிதம். அது மிஷின் ரூமில், கண்ட்ரோல் பேனல் கதவின் உட்புறப் பையில் இருக்க வேண்டும். இருக்காது. முதலில் வந்த மெக்கானிக் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பான். படம் இல்லாமல் அடுத்தவன் திணறுவான், கட்டிடக்காரர்கள் பழையவனையே திரும்பக் கூப்பிடுவார்கள். திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை, யாரோ விட்டுப்போன குடையை எடுத்துப் போவது போலத்தான். நான் தனியாக வந்த இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு ஆறுமாடி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தால் பை காலி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒவ்வொரு வயராகக் கையால் பிடித்துப் போனேன். வாட்ச்மேன் டீயோடு வந்து நின்றார். படத்தை எடுத்துப் போன பாவியை, அவன் கையை, அவன் பரம்பரையை, தெரிந்த எல்லா வார்த்தையாலும் திட்டினேன். வாட்ச்மேன் ரசித்துக் கேட்டார், நடுவில் தன் பங்குக்கு இரண்டு சேர்த்தும் கொடுத்தார். வேலையை முடித்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என்னவோ உறுத்தியது. பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்தேன். மேலிருந்து மூன்றாவது காகிதம். அதே கட்டிடம். ஓரத்தில் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. என் கையெழுத்து.

அம்மா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க" என்று ஒரே வரிதான் சொன்னாள், சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லாம் மடித்த மடிப்பில். வெட்கம் என்பது பெரிய சொல், வேறு சொல் கிடைக்கவில்லை. நாற்பத்தொரு மிஷின் ரூம்களில் நாற்பத்தொரு பேர் என்னைத் திட்டியிருப்பார்கள், என் பெயர் தெரியாமல். அந்த ஊர்ச் சாபமெல்லாம் சேர்ந்துதான் போன் அடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன். ஒவ்வொன்றையும் நகல் எடுத்தேன். ஒரிஜினலைத் திருப்பி வைக்கக் கிளம்பினேன். இரண்டு கட்டிடங்களை இடித்துவிட்டார்கள், மீதி முப்பத்தொன்பது. ஐந்து மாதம் ஆனது. படத்தோடு ஒரு தாளும் வைத்தேன்: இந்தக் கதவைத் திறக்கும் மெக்கானிக்குக்கு, இந்த லிஃப்டில் மழைக்காலத்தில் இரண்டாம் மாடிக் கதவுப் பூட்டு ஒட்டிக்கொள்ளும், மோட்டாருக்குக் கரன்ட் விடுகிற இந்த ரிலே சீக்கிரம் சூடாகும், சந்தேகம் இருந்தால் கூப்பிடவும். கீழே என் எண். அடுத்தவன் பிழைக்க நீங்கள் ஏணி போடுகிறீர்கள் என்று அம்மா கோபப்பட்டாள். பெருந்தன்மையால் செய்தேன் என்று நீ நினைத்துவிடாதே. உறுத்தலால் செய்தேன். தூக்கம் வேண்டியிருந்தது.

முதலில் கூப்பிட்டவர் முசுடு. அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, எல்லோருக்கும் முசுடுதான். இருபது வருடமாக என் எதிரி, நான் விட்ட இடத்தில் அவர், அவர் விட்ட இடத்தில் நான். என்னய்யா, கடையை மூடிட்டுத் தர்மசத்திரம் நடத்துறியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார், குரல் ஒரு படி கீழே இறங்கியிருந்தது, அந்தச் சூடாகிற ரிலேவுக்கு என்ன செய்தாய் என்றார். நாற்பது நிமிடம் பேசினோம். நன்றி சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு பொட்டலம் வந்தது, இப்போது எங்கேயும் கிடைக்காத ஆறு ரிலேக்கள், பிரிக்காத பெட்டியில். துண்டுச் சீட்டுகூட இல்லை. பிறகு டீச்சர் கூப்பிட்டார், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் போர்டு சரிசெய்கிறார். பிறகு கிடங்கு, உடைக்கிற லிஃப்டிலிருந்து ஒரு திருகைக்கூட விடாமல் எடுத்து வைத்திருப்பவர். இப்படி ஏழு பேர், என்னோடு எட்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடையில் கூடுவோம். பாதி நேரம் யார் கட்டிடம் யாருடையது என்ற சண்டை, மீதி நேரம் யாருக்கும் பிடிபடாத கோளாறுகள். நெட்வொர்க் என்று நீ சொன்னபோது எனக்கு மேலே இருக்கிறவர்களைப் பிடிப்பது என்று எடுத்துக்கொண்டேன். ஐந்நூறு கார்டும் மேலேதான் போயின. என்னைப் போலவே மிஷின் ரூமில் உட்கார்ந்து தலையைச் சொறிகிறவனுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

மாமாவுக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரி அறிவிப்பைப் பார்த்தேன். ஆறு லிஃப்டைப் பராமரிக்க ஆள் வேண்டும், குறைந்தது ஆறு மெக்கானிக்குகள், கூப்பிட்டால் இருபது நிமிடத்துக்குள் வந்து நிற்க வேண்டும். இது கைகூடினால் என் தொழில், இல்லையென்றால் நாற்காலி. காகிதத்தை டீக்கடை மேஜையில் வைத்தேன். எட்டு பேரும் எட்டு திசை, ஒரே காகிதத்துல எப்படிய்யா நிக்கறது என்றார் முசுடு. எட்டுத் திசையிலும் ஆள் இருந்தால்தானே இருபது நிமிடத்தில் போய்ச் சேர முடியும் என்றார் டீச்சர். அதோடு பேச்சு முடிந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மா எங்கள் எட்டு பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு இவர்கள் யார், உங்கள் ஊழியர்களா என்று கேட்டார். இல்லைம்மா, போட்டிக்காரர்கள் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் காட்டினார். நாலாம் எண் லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் போகிற ஒரே லிஃப்ட், நின்று பத்தொன்பது நாள். பெரிய கம்பெனிக்காரர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிது வைக்கச் சொல்கிறார்கள். அதுவரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களை வார்டு ஊழியர்கள் நாற்காலியில் உட்காரவைத்து நாலு மாடி தூக்குகிறார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஓடட்டும், அப்புறம் பேசலாம் என்றார்.

சனிக்கிழமை காலை, மொட்டைமாடி மிஷின் ரூம். இரண்டு பேர் நிற்கிற இடத்தில் எட்டு பேர். பேனல் கதவைத் திறந்தோம். பை காலி. எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்தோம், எல்லா முகமும் திருடன் முகமாகத்தான் இருந்தது. அன்று முழுக்க வயர் பிடித்தோம், பாதிகூடத் தேறவில்லை. ஞாயிறு காலை முசுடு வரவில்லை. அவர் பின்வாங்கிவிட்டார், அவ்வளவுதான் என்று கிடங்கு சொன்னார். நான் மாமாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனதுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்தேன். பத்து மணிக்குப் படியில் மூச்சு வாங்கும் சத்தம். முசுடு. கையில் ஒரு பழைய துண்டில் சுற்றிய ஏதோ. பிரித்தார். மஞ்சள் பாரித்த காகிதம், நாலாம் எண் லிஃப்டின் படம், ஓரத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"பீரோவுல கெடந்துச்சு. தெரியாம எடுத்துட்டேன்."

"பன்னெண்டு வருஷமாவா தெரியல?" என்றார் டீச்சர்.

முசுடுதான் முதலில் சிரித்தார், அவருக்குப் பல் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க அந்த பீரோவின் முன்னால் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். படம் வந்த பிறகு வேலை ஒன்றரை மணி நேரம். நாலாம் மாடிக் கதவுப் பூட்டின் வயரை யாரோ அவசரத்தில் பக்கத்து முனையில் மாட்டியிருந்தார்கள், அதனால் பெட்டி நடுவழியில் பிரேக் போட்டுப் போட்டு பிரேக்கின் செம்புக் கம்பிச் சுருள் கருகியிருந்தது. மாற்றுச் சுருள் கிடங்கிடம் இருந்தது, வேறு யாரிடம் இருக்கும். மணல் மூட்டை ஏற்றி இருபது தடவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று மணிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு வார்டு ஊழியர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார். பழக்கதோஷத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார், தூக்குவதற்கு ஆள் தேடினார். கதவு திறந்தது. ஒரு நொடி நின்றார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார், கதவு மூடியது. எங்களை அவர் பார்க்கவே இல்லை. எங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பின்னால் நின்ற நிர்வாகி அம்மா, செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். எட்டுக் கையெழுத்துக்கு அந்தக் காகிதத்தில் இடமில்லை, பின்பக்கமும் போட்டோம். மாமாவிடம் சொன்னேன். கோடவுன் சரக்கு லிஃப்டும் ஒரு மாதமாகச் சத்தம் போடுகிறது மச்சான், யாரையாவது அனுப்புங்கள் என்றான். கேட்டாயா, யாரையாவது என்றான்.

நீ அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். உன் துறைக்காரர்கள் கூடுகிற அந்தக் கூட்டத்துக்கு இந்த வருடம் போகவில்லை, போன தடவை மூன்று மணி நேரம் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றதே போதும் என்றாயாம். அந்த மாதிரி மண்டபங்கள் எனக்குத் தெரியாது, அங்கே எப்படி நிற்பது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் பரிசோதனைக்கூடத்தில் தண்ணீரை அளக்கிற அந்தக் கருவி வெயில் ஏறினால் தப்பாகக் காட்டுகிறது என்று இரண்டு வாரம் தவித்தாய், பிறகு நீயே வழி கண்டுபிடித்தாய் அல்லவா. அதே கருவியை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் எங்கெங்கே தவிக்கிறார்கள்? அந்த வழி இப்போது உன் நோட்டுப் புத்தகத்தில் மடித்த மடிப்பில் இருக்கிறது. இதற்கு மேல் நான் சொன்னால் உபதேசம் ஆகிவிடும், உபதேசம் உன் அம்மாவின் இலாகா.

மேலே உள்ள வரியை எழுதும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரி. இரண்டாம் எண் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இல்லை. நான் எழுந்து பையை எடுத்துவிட்டேன், செருப்பில் ஒரு கால். அதற்குள் டீச்சரிடமிருந்து செய்தி, நான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன், போய்விட்டேன், நீங்கள் வர வேண்டாம். செருப்பைக் கழற்றினேன். திரும்ப உட்கார்ந்தேன். முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக எங்கேயோ என் லிஃப்ட் ஒன்று நின்றிருக்கிறது, நான் வீட்டில் உட்கார்ந்து என் மகளுக்குக் கடிதத்தை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நினைத்ததெல்லாம் கைகூடி நீ நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. கூட்டத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாம், அதை எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

அன்புடன்,
உன் அப்பா