அம்பு முத்திரை

14-8-1971, சனி

பழைய கருவியில் எந்த முத்திரை இருந்தாலும் எங்கிருந்து வந்த சரக்கு என்று சொல்லிவிடுவேன் என்று பட்டறை முழுக்க எனக்குப் பேர். அந்தத் திமிர்தான் இன்று வேலையைக் காட்டியது.

ஃபோர்மன் ஒரு மைக்ரோமீட்டரை நீட்டி, "இந்த அம்புக் குறி இன்னாய்யா?" என்றார். யாருடையது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"வெள்ளைக்காரன் சர்க்கார் முத்திரை சார். சண்டைக் காலத்துல ராணுவ டிப்போவுக்கு வந்த சாமான்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"அப்போ திருட்டு சாமான்தான்" என்று திரும்பினார். பின்னால் என் கூட்டாளி அந்தோணி நின்றிருந்தான். அவன் பெட்டியிலிருந்து எடுத்ததாம்.

அவன் திருடவில்லை. ராயபுரம் காயலான் கடையில் ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினோம். ரசீது கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் என் பெட்டியையும் திறப்பார்கள். அதிலும் இதே அம்பு.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் என்னைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னான்: "உன்னுத வூட்டுக்கு எடுத்துகினு பூடு மாமு."

எடுத்து வந்துவிட்டேன். சாயங்காலம் முழுக்க அரத்தால் தேய்த்தேன். அம்பு போய்விட்டது. தேய்த்த இடம்தான் பளபளவென்று தெரிகிறது.