கம்பெனி வாசலில் முளைப்பாரி

ஆமத்தூர்,
20.1.2002

அன்புள்ள மச்சானுக்கு,

நம் பிள்ளை எழிலின் முதுகில் இருந்த புண் ஆறிவிட்டது. இந்த ஊர்த் தண்ணீரில் குளிப்பாட்டியதைத் தவிர வேறு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அப்பா விருதுநகர் போகும்போது வாங்கி வருவார்.

பொங்கல் கழிந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வரப்போவதில்லை. கோபித்துக்கொண்டு போனவள் என்று ஊரில் பேசினால் பேசட்டும். உங்கள் வெடிக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையைத் தினமும் சாயங்காலம் கழுவிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக நம் ஊருணிக்கு வருகிறது. கழுவச் சொல்கிறவர் போர்மேன். போர்மேன் நீங்கள். பிள்ளைக்குப் புண் எங்கிருந்து வந்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அது நின்றால் வருவேன். நிற்காவிட்டால் வரமாட்டேன். பூத்தில் போன் போட்டுச் சொல்லலாம் என்றால் கடைக்காரரோடு சேர்த்து நாலு பேர் காது கொடுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பானுப்பிரியா


கருப்பணன்பட்டி,
2.2.2002

அன்பு பானுவுக்கு,

பிள்ளை குணமானது தெரிந்து அம்மா அம்மனுக்கு விளக்குப் போட்டாள். தைலம் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு மேனேஜர் சங்கரபாண்டியனிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஏலே முனியராஜ், ஊருணிக்குப் படித்துறை கட்டிக் குடுத்தது யாருலே? பங்குனிப் பொங்கலுக்கு வருசா வருசம் ஓசியில வாணவேடிக்கை விடுறது யாருலே? தண்ணி ஆகலன்னா கம்பெனிய வேற ஊருக்குக் கொண்டு போயிருதோம். உங்க ஆளுகளுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வா.”

நான் கேட்கவில்லை. பதில் தெரியும். கம்பெனி வருவதற்கு முன்னால் நம் சனம் காட்டு வேலைக்குப் போய், மழையை நம்பி வயிறு வளர்த்தது உனக்குத் தெரியாதா? இப்போது குடிதண்ணீருக்கு மொக்கைச்சாமி அய்யா பம்புசெட்டுக்குத்தான் போகிறோம். போன வாரம் அவர் அம்மாவிடம், “களையெடுக்கக் கூப்பிட்டா கம்பெனிக்கு ஓடிருதீக. தண்ணிக்கு மட்டும் எங்கிட்ட வாறீகளாக்கும்?” என்றார். அம்மா விடவில்லை. “நீங்க குடுத்த கூலிதான அய்யா எங்கள ஓடவச்சுச்சு” என்று சொல்லிவிட்டுக் குடத்தை நீட்டினாள். அவரும் சிரித்துவிட்டு மோட்டாரைப் போட்டார்.

எல்லாரையும் பகைத்துக்கொண்டு நான் ஒருவன் என்ன செய்ய? வந்துவிடு பானு. பிள்ளைக்கு மட்டும் குளிக்கவும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத் தனியாகக் கொண்டு வருகிறேன்.

முனியராஜ்


ஆமத்தூர்,
16.2.2002

அன்புள்ள மச்சானுக்கு,

நம் பிள்ளைக்கு மட்டும் தனித் தண்ணீர். பக்கத்து வீட்டு வேலுத்தாய் பிள்ளைகள் ஊருணியிலேயே குளிக்கட்டும். அப்படித்தானே?

கம்பெனியை மூடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அதே தொழிலில் மத்தாப்புக் கட்டியவள் நான். எனக்குத் தெரியாதா அந்தக் கூலியின் அருமை? கழுவின தண்ணீரை ஒரு தொட்டியில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, அடியில் தங்குகிற மண்டியை ஒழுங்காக அப்புறப்படுத்தச் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா? ஒரு லோடு விற்றால் கட்டிவிடலாம்.

வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று நம்மைக் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை முதலாளி வீட்டில் யாராவது கேட்டிருப்பார்களா? அவர்களுக்கு இரண்டும் உண்டு. உழைக்கிற நமக்கு மட்டும் ஏன் ஒன்றுதான்? இரண்டில் எது இல்லாமல் போனாலும் ஊர் காலியாகும். பிறகு யாரை வைத்துக் கம்பெனி நடத்துவார்கள்?

பங்குனிப் பொங்கலுக்கும் நான் வரவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றி முளைப்பாரி வளர்த்து, தலையில் சுமந்து ஊரைச் சுற்றி, கடைசியில் அம்மனை அதே அழுக்கில் கரைக்க என்னால் ஆகாது. இதை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியும் விட வேண்டாம்.

பானுப்பிரியா


கருப்பணன்பட்டி,
7.4.2002

அன்பு பானுவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. மறுநாள் வேலுத்தாய் வீட்டில் பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆண்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. முளைப்பாரிக்கு மொக்கைச்சாமி அய்யா கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினார்கள்.

பங்குனிப் பொங்கல் அன்று கம்பெனி லீவு. வடநாட்டு ஆர்டருக்கு ஒரு லாரி லோடு ஏற்றி நின்றதால் நான் போயிருந்தேன். குலவைச் சத்தம் ஊருணிப் பக்கம் போகாமல் எங்களைப் பார்த்து வந்தது. அம்மாதான் முன்னால். வாசலில் வரிசையாக முளைப்பாரியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாரி வெளியே வர வழியில்லை.

சிவகாசியிலிருந்து முதலாளி காரில் வந்து இறங்கினார். “என்னம்மா இது?” என்றார். அம்மா எழுந்து, “வருசத்துக்கு ஒருக்கா ஆத்தாளக் கரைக்கணும் மொதலாளி. உங்க பேரு போட்ட படித்துறையில எறங்குனா காலு எரியுது. கரைக்கிறதுக்கு எங்களுக்கு நல்ல தண்ணி காட்டுங்க” என்றாள். வேலுத்தாய் பின்னாலிருந்து, “உங்க வீட்டுக் கிணறா இருந்தாலும் சரித்தான்!” என்று கத்தினாள். ஒரே சிரிப்பு.

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்து முளைப்பாரியை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். பிறகு மேனேஜர் என்னைப் பார்த்தார். “போர்மேன்தான, எடுலே.” மாட்டேன் என்றேன். “சாமிக்குப் பயப்படுதியோ?” என்றார். “சாமிக்கு மட்டும் இல்ல சார். எம் பொண்டாட்டி புள்ள இந்தத் தண்ணியாலதான் வீட்ட விட்டுப் போயிருக்கு. நான் எடுக்க மாட்டேன்” என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன் பானு. நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றார்.

லாரி அசையவில்லை. வெயில் சாய்ந்த பிறகு முதலாளி சமரசத்துக்கு இறங்கி வந்தார். இரண்டு தொட்டி, ஓடைக்குப் போகும் வாய்க்காலை அடைப்பது, இரண்டுக்கும் சரி என்றார். அவர் மனசு மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. லோடு நின்றது, அதுதான். இருந்தாலும் நேற்று ஜே.சி.பி. வந்து வாய்க்காலை மூடிவிட்டது, நானே பார்த்தேன். அன்றைக்கு முளைப்பாரியைக் கரைக்க மொக்கைச்சாமி அய்யா தன் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். இப்படியே விட்டால் அடுத்த மழைக்கு அந்த ஓடை அழுக்கு அவர் கிணற்றுக்கும் வரும் என்பது அவருக்கும் தெரியாமல் இல்லை.

என்னை இன்னும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஊரில் கூட்டம் போட்டுக் கேட்பதாகச் சொல்கிறார்கள். கேட்டால் பார்ப்போம். சம்பளம் இல்லாத வீட்டுக்கு உன்னை எப்படி வரச்சொல்வது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடாமல் முடிக்கிறேன்.

முனியராஜ்


ஆமத்தூர்,
11.4.2002

என் மச்சானுக்கு,

கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசித்தேன். “எடுக்க மாட்டேன்” என்ற இடத்தில் நின்று, அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பாதான் வாங்கி மீதியை வாசித்தார்.

தொட்டி கட்டி முடியட்டும் என்று காத்திருந்து வர நான் என்ன விருந்தாளியா? எழில் கொஞ்ச நாள் இங்கே என் அம்மாவிடம் இருக்கட்டும். ஊருணியில் கிடக்கிற பழைய தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு நல்ல மழை பெய்த பிறகு அவனைக் கூட்டிக்கொள்வோம். அதுவரை அவனைப் பிரிந்திருப்பது எனக்குத்தான் கஷ்டம். அவனுக்கு இங்கே ஆட்டுக்குட்டி இருக்கிறது, என்னைத் தேடமாட்டான்.

கம்பெனியில் மத்தாப்புக் கட்ட எனக்கு இடம் கேட்டு வையுங்கள். ஆமாம், அதே கம்பெனிதான். உங்களைக் கூப்பிடும்வரை என் கூலியில் சாப்பிடுவோம். நீங்கள் தொட்டி தோண்டுகிற இடத்தில் போய் நில்லுங்கள், ஆழம் குறைத்து ஏமாற்றிவிடப் போகிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நம் ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் வந்து நில்லுங்கள். நல்ல தண்ணீர் இரண்டு குடம் கொண்டு வருகிறேன், தனியாகத் தூக்க முடியாது. ஒன்று அத்தைக்கு, ஒன்று வேலுத்தாய் வீட்டுக்கு.

பானு